சமோசிர் மாவட்டம் காலியாகிறதா, நிரம்புகிறதா? (தோபா ஏரி, வடக்கு சுமத்ரா)

நிலவரைவன்:

எல்லோருக்கும் வணக்கம். மலைநாட்டு ஏரிக்கரை மாவட்டங்களின் மக்கள்தொகை அட்டவணைகளைச் சேர்த்து வைப்பது என் பல வருடப் பழக்கம். இப்போது இந்தோனேசியாவின் சமோசிரில் வந்து சிக்கியிருக்கிறேன்.

தோபா ஏரியின் நடுவில் இருக்கும் பெரிய தீவுதான் சமோசிர். ஏரியின் நீர்மட்டமே கடலுக்கு மேல் சுமார் 905 மீட்டர். தீவையும் மேற்குக் கரையையும் சேர்த்து 2003 டிசம்பரில் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். தலைநகரம் பாங்குருரான். அதற்குமுன் இது தோபா சமோசிர் மாவட்டத்துக்குள் இருந்தது.

என் குழப்பம் இதுதான். 2010 கணக்கெடுப்பில் 1,19,653 பேர். 2020இல் 1,36,441 பேர். பத்து வருடத்தில் 14 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் அங்கே போய்வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால், இளைஞர்கள் மாகாணத் தலைநகர் மேடானுக்கும் ஜகார்த்தாவுக்கும் போய்விட்டார்கள், பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, வயலில் வயசானவர்கள்தான் நிற்கிறார்கள் என்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

அப்புறம் மக்கள் அடர்த்தி. ஓரிடத்தில் சதுர கிலோமீட்டருக்கு 66 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 94 என்று இருக்கிறது. எதை எடுப்பது?

அட்டவணைக்காரர்:

இரண்டாவது கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம்.

மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2,069.05 சதுர கிலோமீட்டர். அதில் 624.80 ஏரி. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். நிலம் என்று பார்த்தால் 1,444.25தான். மொத்தத்தால் வகுத்தால் 66, நிலத்தால் வகுத்தால் 94. மனிதர்கள் தண்ணீர்மேல் குடியிருப்பதில்லை, அதனால் நான் எப்போதும் 94ஐத்தான் எடுப்பேன்.

ஆனால் அந்த 94உம் முழு உண்மை சொல்லாது. ஒன்பது வட்டங்கள் இருக்கின்றன (அவர்கள் மொழியில் கெசமத்தான்). ஹரியான் என்ற ஒரே வட்டம் மட்டும் 560.45 சதுர கிலோமீட்டர், மாவட்ட நிலத்தில் கிட்டத்தட்ட 39 சதவீதம். அது தீவில் இல்லை. அக்கரையில், தெலே மலைக்காட்டுப் பக்கம். அங்கே ஆள் மிகக் குறைவு. சியாஞ்சூர் முலா-முலா 140.24, சித்தியோ-தியோ 50.76. இந்த மூன்றும் அக்கரை வட்டங்கள். கூட்டிப் பாருங்கள், 751.45. பெயர் தீவின் பெயர், நிலத்தில் பாதிக்கு மேல் தீவுக்கு வெளியே. வரைபடத்தில் தீவை மட்டும் வண்ணம் தீட்டி 'சமோசிர் மாவட்டம்' என்று போடுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மிச்ச ஆறு வட்டங்கள் தீவில்: பாங்குருரான், சிமானிந்தோ, ரொங்குர் நிஹுதா, பாலிப்பி, நைங்கோலான், ஓனான் ருங்கு. பாங்குருரானின் ஒரு பகுதி மட்டும், தீவைக் கரையிலிருந்து பிரிக்கும் கால்வாயைத் தாண்டி அக்கரையில் இருக்கிறது. ஜனம் அதிகம் பாங்குருரானிலும் சிமானிந்தோவிலும்தான்.

முதல் கேள்விக்கு நாளை வருகிறேன், அதை அவசரமாகச் சொல்ல முடியாது.

மேடான்_மருமகள்:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மேடானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கல்யாணம் ஆனது இந்த ஏரிப் பக்கத்துப் பூர்வகுடிகளான பத்தாக் மக்களின் குடும்பம் ஒன்றில். கணவர் வீடு தீவின் மேற்குக் கரையில், பாலிப்பி பக்கம். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போகிறோம்.

தம்பி நிலவரைவன், அட்டவணையை ஒரு நிமிஷம் மூடிவைத்துவிட்டு நிலத்தைப் பாருங்கள். ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் பாராபாத்திலிருந்து படகில் வந்தால் முதலில் தெரிவது சுவர் மாதிரி நிற்கும் கிழக்குச் சரிவு. ஏரியிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் நேராக ஏறுகிறது. அதன் அடியில் ஒரு மெல்லிய கரைப் பட்டை. தோமோக், துக்துக், அம்பரித்தா எல்லாம் அந்தப் பட்டையில்தான். சுற்றுலாக்காரர்கள் பார்ப்பது அவ்வளவுதான்.

மேலே ஏறினால் மேட்டுநிலம். ரொங்குர் நிஹுதா பக்கம் காற்று சுள்ளென்று அடிக்கும். மண் கனமில்லாதது, கல் நிறைய. அங்கிருந்து மேற்கே நிலம் மெதுவாகச் சாய்ந்துகொண்டே வந்து எங்கள் பக்கம் ஏரியில் இறங்குகிறது. நெல் வேண்டுமென்றால் கரையோரமும் ஓடைகளின் வாயும்தான். மேலே காப்பி, மக்காச்சோளம், நிலக்கடலை, கிழங்கு. வெங்காயத்துக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர். ஒரு வருடம் மழை தள்ளிப்போனால் மேட்டுநிலக்காரர்கள் தவித்துப்போவார்கள். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர், நடுவில் வறண்ட வயல். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

வீடுகள் பூட்டியிருப்பது உண்மை. எங்கள் ஹுதாவில் (ஹுதா என்றால் ஒரே குலத்தார் குடியிருக்கும் சின்ன ஊர்) எட்டு வீட்டில் நான்கில்தான் ஆள். ஆனால் பூட்டிய வீடு கைவிட்ட வீடு இல்லை. கூரை போனால் ஜகார்த்தாவிலிருந்து பணம் வரும். சாவி பக்கத்து வீட்டில் தொங்கும்.

எரிமலைப்_பித்தன்:

அக்கா சொன்ன 'கிழக்கே சுவர், மேற்கே சாய்வு' ஏன் வந்தது என்று சொல்லட்டுமா? இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

சுமார் 74,000 வருடத்துக்கு முன் இங்கே வெடித்தது கடந்த பல இலட்சம் வருடங்களில் பூமி கண்ட மிகப்பெரிய எரிமலை வெடிப்புகளில் ஒன்று. வெளிவந்த பாறைக்குழம்பு சுமார் 2,800 கன கிலோமீட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கீழே இருந்தது வெளியே போனதும் மேல்தளம் அப்படியே உள்வாங்கி விழுந்தது. அந்தப் பள்ளம்தான் ஏரி: 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், ஆழமான இடத்தில் 500 மீட்டருக்கும் மேல்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, அடியில் சேறு படிந்துகொண்டிருந்தபோதே, கீழிருந்த குழம்பு மறுபடி அழுத்தத் தொடங்கியது. ஏரியின் தரை ஒரு பலகை மாதிரி மேலே எழும்பியது, அதுவும் ஒரு பக்கமாக. கிழக்கு விளிம்பு உயர்ந்து நின்றது, மேற்கு தாழ்ந்தே இருந்தது. அந்தப் பலகைதான் சமோசிர். குறைந்தது 700 மீட்டர் எழும்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஆதாரம் தீவின் தலையிலேயே இருக்கிறது. மேட்டுநிலத்தில் தோண்டினால் ஏரிச் சேறு, அதில் நீரில் வாழும் நுண்பாசிகளின் ஓடுகள். அங்கே காப்பி நடுகிறவர் ஒரு பழைய ஏரித்தரையில் நடுகிறார்.

இதன் சாம்பல் இந்தியா வரைக்கும் வந்து விழுந்தது. ஆந்திராவில், முன்பு கர்னூல் மாவட்டத்தில் இருந்த ஜுவாலாபுரத்தில் அந்தப் படிவுக்குக் கீழேயும் மேலேயும் கல்கருவிகள் கிடைத்திருக்கின்றன. மனித இனமே அழிவின் விளிம்புக்குப் போனது என்ற கருத்து ஒரு காலத்தில் பிரபலம். இன்று பலர் அதை ஏற்பதில்லை, எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

தீவின் மேலேயே சிதிஹோனி, ஆயெக் நாத்தோனாங் என்று இரண்டு குட்டி ஏரிகள் உண்டு. சுமத்ரா தீவில் ஏரி, ஏரியில் தீவு, தீவில் ஏரி.

நிலவரைவன்:

பித்தன், பிரமாதம். ஒரு சந்தேகம். சமோசிர் உண்மையில் தீவுதானா? பழைய வரைபடம் ஒன்றில் பாங்குருரான் பக்கம் நிலத்தோடு ஒட்டியிருக்கிறதே.

மேடான்_மருமகள்:

ஒட்டித்தான் இருந்தது தம்பி. டச்சுக்காரர்கள் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தக் குறுகிய நிலத்தை வெட்டிக் கால்வாய் ஆக்கினார்கள். அந்த இடத்தின் பெயரே தானோ பொங்கோல். தானோ என்றால் நிலம், பொங்கோல் என்றால் முறிந்தது. இப்போது கால்வாயை அகலப்படுத்தி, மேலே புதுப் பாலமும் கட்டிவிட்டார்கள்.

பத்தாக் ஊர்ப்பெயர்கள் எல்லாம் இப்படித்தான், நிலத்தைப் படித்துச் சொல்லும். தாவோ ஏரி, தோலோக் மலை, ஆயெக் தண்ணீர், ஓனான் சந்தை. ஓனான் ருங்கு வட்டத்தின் பெயரிலேயே சந்தை இருக்கிறது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் பூசுக் பூஹித் மலை, கிட்டத்தட்ட 2,000 மீட்டர். அடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. பத்தாக் குலங்கள் அத்தனைக்கும் முதல் முப்பாட்டனார் சி ராஜா பத்தாக் அந்த மலையடியில், சியாஞ்சூர் முலா-முலாவில்தான் குடியேறினார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் ஆயிரம் மைல் தாண்டிப் பிறந்த பத்தாக் பிள்ளைக்கும் 'சொந்த ஊர் எது' என்றால் இந்த மாவட்டத்தைக் காட்டுவார்கள். உங்கள் அட்டவணையில் அவர்கள் எந்தப் பத்தியில் வருவார்கள்?

அட்டவணைக்காரர்:

அந்தக் கேள்விக்கே வருகிறேன்.

2010 கணக்கெடுப்பு மே மாதம் நடந்தது, வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். 2020இல் முறையே மாறிவிட்டது. குடிமைப் பதிவேட்டுத் தரவை, அதாவது அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் எந்த ஊரில் பதிவோ அதை, அடிப்படையாக வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். களப்பணி செப்டம்பரில், பெருந்தொற்றின் நடுவில். நகரத்தில் வேலை போய் ஊருக்கு வந்திருந்தவர்களும் அப்போது இருந்தார்கள்.

ஆக, 16,788 பேர் கூடியதாகத் தெரிவதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன என்பது என் கணிப்பு. ஒன்று, உண்மையான பிறப்புகள். வடக்கு சுமத்ராவில், அதிலும் பத்தாக் குடும்பங்களில், பிள்ளைகள் அதிகம். இரண்டு, பதிவு ஊரில் இருந்து, ஆள் வெளியே இருப்பவர்கள். மூன்று, அந்த வருடம் திரும்பி வந்தவர்கள். ஒவ்வொன்றும் எத்தனை என்று இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்காக எண்ணே பொய் என்று சொல்ல மாட்டேன். 14 சதவீதம் கூடியதும் பூட்டிய வீடும் ஒரே ஊரில் இருக்கலாம்.

கரையோரத்தான்:

ஒரு மாற்றுக் கருத்து. வெளியே போனவர்களைச் சேர்த்துப் பேசுவது உணர்ச்சிக்குச் சரி, திட்டமிடலுக்குச் சரியல்ல. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அங்கே இருப்பவர்களுக்குத்தான் வேண்டும். அட்டையில் இருக்கும் ஆளை எண்ணி நிதி ஒதுக்கினால், உள்ளூரில் நிற்கும் பாட்டிக்கு என்ன பயன்?

இன்னொன்று. சாலை நெடுக பெரிய பெரிய சிமெண்ட் நினைவுத்தூண்கள். பூர்விக எலும்புகளைத் தோண்டியெடுத்து அங்கே வைக்க எவ்வளவு செலவு! அந்தப் பணத்தில் மேட்டுநிலத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்திருக்கும். உயிரோடு இருப்பவர்களை விட இறந்தவர்களுக்கு நல்ல வீடு இருக்கும் ஊர் வளராது.

மேடான்_மருமகள்:

கரையோரத்தான் அண்ணா, பாட்டிக்காக நீங்கள் கேட்பது நியாயம். எங்கள் மாமியாரே அந்தப் பாட்டிதான். ஆனால் தூணைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை.

அந்தச் சடங்கின் பெயர் மங்கோங்கால் ஹோலி. முன்னோர் எலும்புகளை எடுத்துக் கழுவி, குலத்துக்குப் பொதுவான உயரமான கல்லறையில் வைப்பது. பள்ளி விடுமுறை பார்த்துத்தான் வைப்பார்கள், ஏனென்றால் பேரன் பேத்திகள் எல்லோரும் வரவேண்டும். நான் பார்த்த ஒரு சடங்குக்கு நான்கு தீவுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அந்த மூன்று நாளில்தான் எந்த வயல் யார் பார்ப்பது, எந்தப் பையனைப் படிக்கவைப்பது, பாட்டிக்கு யார் பணம் அனுப்புவது என்று பேசி முடித்தார்கள். தூண் இல்லையென்றால் அந்தப் பணம் குழாய்க்கு வந்திருக்காது அண்ணா. ஆட்களே வந்திருக்க மாட்டார்கள்.

இந்த ஒழுங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தாலிஹான் நா தோலு. அடுப்பின் மூன்று கல் என்று பொருள். பெண் கொடுத்த குலம் ஒரு கல், தன் குலம் ஒரு கல், பெண் எடுத்த குலம் ஒரு கல். பெண் கொடுத்தவர்களை வணங்கு, பெண் எடுத்தவர்களை அனுசரி, சொந்தக் குலத்தாரிடம் கவனமாக இரு என்பது முறை. ஒரு கல் ஆடினாலும் பானை சாயும்.

தமிழர்களுக்கு இது உடனே புரியும் என்று நினைக்கிறேன். தாய்மாமனை அவர்கள் துலாங் என்பார்கள். ஒரு பையனுக்கு முதல் உரிமைப் பெண் துலாங்கின் மகள். நம் மாமன் மகள் முறையேதான்! ஆனால் ஒரு பெரிய வித்தியாசம், அத்தை மகளைக் கட்டக்கூடாது. அவள் தங்கை முறை. எங்கள் கல்யாணத்துக்கு முன் எனக்கு ஒரு குலம் வேண்டுமென்று மாமியார் பிறந்த குலத்தில் என்னை மகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். சடங்குப்படி என் கணவருக்கு நான் மாமன் மகள். அன்று எங்கள் அம்மா அழுதுவிட்டார், 'நம்ம ஊர் முறைதானே இது' என்று.

கல்வெட்டுக்காதலன்:

அக்கா இந்த வாசலைத் திறந்துவிட்டதால் நுழைகிறேன். பத்தாக் குலங்களில் சோழியா, பாண்டியா, மெலியாலா என்றெல்லாம் இருக்கின்றனவே! சமோசிரில் தமிழர் குடியேறினார்கள் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அட்டவணைக்காரர்:

நண்பரே, ஆர்வம் புரிகிறது, ஆனால் இடம் மாறிவிட்டது. அந்தப் பெயர்கள் காரோ பத்தாக் மக்களின் செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுகள். காரோ நாடு ஏரிக்கு வடக்கே. சமோசிரில் வாழ்பவர்கள் தோபா பத்தாக். பாங்குருரானின் பழைய குலங்கள் சித்தாங்காங், சிம்போலோன், நைபாஹோ. இவற்றில் சோழரும் இல்லை, பாண்டியரும் இல்லை.

உறுதியான தமிழ்ச் சான்று வேண்டுமென்றால் சுமத்ராவின் மேற்குக் கடற்கரைக்குப் போங்கள். பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினுடையது. ஊரின் பெயர் அதில் வரோசு. கற்பூரமும் சாம்பிராணியும் அந்தத் துறையில் ஏறின. சாம்பிராணி மரங்கள் இன்றும் ஏரிக்குத் தென்மேற்கு மலைகளில் பால் வடிக்கப்படுகின்றன. வணிகத் தொடர்பு உண்டு. குடியேற்றம் சமோசிர் வரை வந்தது என்று சொல்ல எதுவும் கையில் இல்லை.

கல்வெட்டுக்காதலன்:

ஏற்றுக்கொள்கிறேன் சார், அவசரப்பட்டுவிட்டேன். அப்படியானால் சமோசிருக்கே பொருந்தும் ஒன்றைத் தருகிறேன். தோபா பத்தாக் மொழியில் எட்டுத் திசைகளின் பெயர்: பூர்பா, அங்கோனி, தங்சினா, நாரித்தி, பஸ்திமா, மனாபியா, உத்தரா, இரிசன்னா. கிழக்கில் தொடங்கி வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பூர்வம், அக்கினி மூலை, தட்சிணம், நிருதி மூலை, பச்சிமம், வாயு மூலை, உத்தரம், ஈசானிய மூலை. இது சமஸ்கிருதச் சொல் போன வழி, தமிழ் என்று உரிமை கொண்டாடவில்லை. ஆனால் அந்த மலைக்கு நடுவில் நின்று ஒருவர் 'அங்கோனி' என்று கை காட்டினால் நமக்குத் திசை தெரிந்துவிடும்.

கரையோரத்தான்:

தூண் பற்றி அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். செலவு அதிகம் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது, ஆனால் அது ஊரைக் கூட்டும் கூட்டம் என்று யோசிக்கவில்லை. நன்றி.

ஏரியைப் பற்றி யாரும் பேசவில்லையே? தீவு மக்களுக்குப் பிழைப்பே அதுதானே.

மேடான்_மருமகள்:

பிழைப்பும் அது, பயமும் அது. 2018 ஜூன் 18, நோன்புப் பெருநாள் விடுமுறை நேரம். சிமானிந்தோவிலிருந்து திகாராஸுக்குக் கிளம்பிய 'சினார் பாங்குன்' படகு, தாங்கக்கூடியதை விடப் பல மடங்கு ஆட்களோடு, அலையில் கவிழ்ந்தது. 164 பேரைக் காணவில்லை என்று அறிவித்தார்கள். படகு கிடந்தது சுமார் 450 மீட்டர் ஆழத்தில், எடுக்க முடியவில்லை. பித்தன் சொன்ன ஆழம் எங்களுக்கு இப்படித்தான் தெரியும். எங்கள் உறவில் யாரும் அதில் இல்லை, ஆனாலும் அதற்குப் பிறகு மாமியார் எங்களைப் படகில் வரவிடுவதில்லை. சிதிகாலாங் வழியாகத் தெலே மலையில் இறங்கி, பாலம் வழியாகத்தான் வரவேண்டும். நேரம் கூடும், பரவாயில்லை.

மீனும் மாறிவிட்டது. இஹான் என்ற பழைய ஏரிமீன்தான் சடங்குக்கு உரியது, பெண் வீட்டார் தருவது. இப்போது அது கிடைப்பதே அரிது, கெண்டையை வைத்துச் சமாளிக்கிறோம். கூண்டில் வளர்க்கும் திலாப்பியாதான் எங்கும். 2018 ஆகஸ்டில் பாங்குருரான் பக்கம் கூண்டு மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன, தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோய்.

எரிமலைப்_பித்தன்:

அந்தச் சாவுக்கும் நிலஅமைப்புக்கும் தொடர்பு உண்டு. ஆழமான ஏரியில் அடித்தண்ணீருக்குப் பிராணவாயு குறைவு. கூண்டுத் தீனியின் மிச்சம் அடியில் சேர்ந்து அழுகினால் இன்னும் குறையும். காற்று பலமாக அடித்து அடித்தண்ணீர் மேலே வந்தால், கூண்டுக்குள் இருக்கும் மீனுக்குத் தப்பிக்க வழியில்லை. கால்வாய்ப் பக்கம் நீரோட்டம் வேறு மந்தம். இவ்வளவு பெரிய ஏரிக்கு வெளியேறும் வழி ஒன்றே ஒன்றுதான், தென்கிழக்கே அசஹான் ஆறு. அந்த ஆற்றின் நீர்மின்சாரத்தில்தான் 1982 முதல் கடற்கரையில் ஒரு அலுமினிய ஆலை ஓடுகிறது. நீர்மட்டம் அங்கே மதகில் தீர்மானமாகிறது, ஏறி இறங்குவது சமோசிர் கரை வயலில் தெரியும்.

நிலவரைவன்:

எல்லோருக்கும் நன்றி. அட்டவணையைத் திருத்திவிட்டேன். அடர்த்தியை நிலத்துக்கு மட்டும் கணக்கிட்டு, தீவு வட்டங்களையும் அக்கரை வட்டங்களையும் தனித்தனியாகப் பிரித்திருக்கிறேன். 2010க்கும் 2020க்கும் நடுவில் கோடு போட்டு இணைக்கவில்லை. முறை மாறியதை அடியில் எழுதிவிட்டேன்.

அக்காவிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பரில் போவீர்கள்தானே? உங்கள் ஹுதாவின் எட்டு வீட்டில், கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு சாயங்காலம் எத்தனையில் விளக்கு எரிகிறது என்று எண்ணிச் சொல்வீர்களா? பிறகு பிப்ரவரியில் இன்னொரு தடவை.

மேடான்_மருமகள்:

டிசம்பருக்கு எண்ணவே வேண்டாம் தம்பி, எட்டிலும் எரியும். இடம் போதாமல் பிள்ளைகள் எங்கள் திண்ணையில் பாய் போட்டுப் படுப்பார்கள். பிப்ரவரியில் நான் அங்கே இருக்க மாட்டேன். மாமியாரிடம் போனில் கேட்டு எழுதுகிறேன். அவருக்கு எண்ணத் தேவையில்லை, எந்த வீட்டுச் சாவி தன்னிடம் தொங்குகிறது என்று பார்த்தாலே போதும்.